எந்தச் சாளரத்திற்கு எழுதுவது?

மாணவர்களே! உங்களுள் சிலருடைய பெற்றோர் ஒயிட்ஃபீல்டிலும் எலக்ட்ரானிக் சிட்டியிலும் மென்பொருள் எழுதுவோர். எந்தக் கணினிச் சாளரத்திற்காக எழுதுவது என்பது அவர்களது நிறுவனத்திற்கு வாணிகக் கணக்கு. தமிழுக்கோ அது பிழைப்புக் கணக்கு.

இந்நாட்டுக் கன்னடத்தையே முதலில் பாருங்கள். கன்னட கணக பரிஷத் உருவாக்கி, கர்நாடக அரசு ஏற்றுக்கொண்ட 'நுடி' விண்டோஸில் இயங்குமாறு எழுதப்பட்டது. சேஷாத்ரிவாசு 1998இல் வெளியிட்ட 'பரஹ'வும் அப்படியே. தமிழில் 'அழகி', 'இ-கலப்பை', 'என்.எச்.எம். ரைட்டர்' ஆகியனவும் அந்தச் சாளரத்தையே நாடின. அது பிழையன்று. அலுவலகங்களிலும் அச்சகங்களிலும் அன்று இருந்தவை பெரும்பாலும் விண்டோஸ் கணினிகளே. ஆளில்லாத ஊரில் கடை விரித்து என்ன பயன்?

ஆனால், சந்தையே வேறு தெருவிற்கு இடம் பெயர்ந்தால்? 2007ஆம் ஆண்டையொட்டித் தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனம் லினக்ஸை நோக்கித் திரும்பியது. அதே ஆண்டில் சென்னை சி-டாக் 'பாஸ்' என்னும் லினக்ஸை வெளியிட்டது. கேரள அரசுப் பள்ளிகளும் லினக்ஸுக்கு மாறின. விண்டோஸுக்கென்றே எழுதிய மென்பொருள் அங்கு நேராக இயங்காது. சாளரம் வரைதல், விசையழுத்தத்தைப் பெறுதல் யாவும் அந்தந்த இயங்குதளத்தின் கட்டளைகளால் நிகழ்வன. அப்பகுதிகளை மீண்டும் எழுதவேண்டும். பெருநிறுவனத்திற்கு இஃது எளிது. ஓரிருவர் ஓய்வு நேரத்தில் எழுதிய தமிழ் மென்பொருள் அத்தோடு நின்றுவிடக்கூடும்.

ஆதலால், பல தளங்களுக்கும் பொதுவான கருவித்தொகுப்பைத் தேர்வதே தக்கது என்பேன். நார்வேயில் தோன்றிய 'கியூட்' அத்தகையது. ஒரே மூலநிரலை விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிற்கும் அதனால் ஆக்கிக்கொள்ளலாம். லினக்ஸின் கே.டி.இ. திரைச்சூழல் அதைக் கொண்டே எழுதப்பட்டது. குறையும் உண்டு: மென்பொருளின் அளவு சற்றுப் பெருக்கும், பொத்தான்கள் சில திரைகளில் அயலூரார் போல ஒட்டாமல் நிற்கும். (அந்நிலை நமக்குப் புதிதா என்ன!) சொல் விளையாட்டு, அகராதி, பாடப் பயிற்சி போன்றவற்றிற்கு இவ்வழி போதும்.

தட்டச்சுக் கருவிக்கு மட்டும் இது முழுதும் உதவாது. பிற செயலிகளுக்குள் எழுத்தைச் செலுத்த ஒவ்வொரு தளத்தோடும் தனித்தனியே பேசியாகவேண்டும். அங்கும் எழுத்துக் கோக்கும் விதிகளைத் தனிக் கோப்பில் வைத்தால், மாற்றவேண்டிய பகுதி சிறிதாகும். 1999இல் தரப்படுத்தப்பட்ட தமிழ்99 விசைப்பலகையின் விதிகள் எந்தச் சாளரத்திலும் மாறுவதில்லை.