வலசைக்கு வழி விடுவோம்

பருவம் நோக்கி உயிரினங்கள் இடம் பெயர்தலை வலசை போதல் என்பது தமிழ் வழக்கு. வகுப்பில் ஒருநாள் இச்சொல்லை விளக்கிய நாம், எடுத்துக்காட்டுக் கூறுமாறு மாணவரைக் கேட்டோம். செரெங்கெட்டிப் புல்வெளி என்றான் ஒருவன். மழை பெய்த இடத்துப் புல்லை நாடிப் பல இலட்சம் வில்டபீஸ்டுகள் தன்சானியாவினின்று கென்யாவுக்குப் பெயர்வதையும், முதலைகள் நிறைந்த மாரா ஆற்றை நீந்துவதையும் தொலைக்காட்சியிற் கண்டவாறு அழகுறச் சொன்னான். "நம் அயலில் நிகழ்வதைக் கண்டாயோ?" என்றோம். வகுப்பு மௌனமாயிற்று. அம்மௌனமே இதனை எழுதத் தூண்டியது.

கப்பல்துறையினின்று கந்தளாய் வழியே சென்று, ஹபரணையிற் கிழக்கே திரும்பினால் மின்னேரியாக் குளம். மகாசேன மன்னன் கட்டியது. சிறுபோகத்துக்கு நீர் பாயப் பாயக் குளம் வற்றும். வற்றிய படுகையிற் பசும்புல் தளிர்க்கும். காடு காய்ந்து கிடக்கும் ஆகஸ்டு, செப்டெம்பர் மாதங்களில் அப்புல்லையும் நீரையும் நாடிக் களிறும் பிடியும் கன்றுமாய் நூற்றுக்கணக்கான யானைகள் அங்கே கூடும். மாரி பிறந்து குளம் நிரம்பவே கவுடுல்லப் பக்கமும் பிற காடுகளுக்கும் கலையும். ஆசிய யானைகளின் கூட்டங்களுள் இத்துணைப் பெரியது அரிது. வேளாண்மைக்கு வெட்டிய குளம் வேழத்துக்கும் மேய்ச்சல் நிலமாயிற்று!

இவ்வொழுங்கு இன்று குலைகின்றது. மொரகஹகந்த நீர்த்தேக்கம் 2018 இல் நிறைவேறிய பின், வறட்சியிலும் மின்னேரியாவில் நீர் உயர்ந்து நின்று புல்வெளியை மூழ்கடித்த ஆண்டுகள் உண்டு. புல் மூழ்கினால் யானை எங்கே செல்லும்? ஊருக்குள்ளும் வயலுக்குள்ளும் வரும். 2025 பெப்ரவரியில் ஹபரணைக்கு அருகே புகையிரதம் மோதி ஆறு யானைகள் ஒருங்கே மாண்டன. 2023 இல் இந்நாட்டில் 450 இற்கு மேற்பட்ட யானைகள் இறந்தன. யானைகளால் 150 இற்கு மேற்பட்ட மனிதரும் இறந்தனர். யானைக்குப் பரிந்து பேசுவோர் கமக்காரனின் கண்ணீரை மறத்தல் ஆகாது. ஒரு போகத்தின் உழைப்பு ஓரிரவில் அழிவதைக் கண்டவன் அவன்.

பாண்டியன் அறிவுடை நம்பிக்கு முறையாக வரி வாங்குமாறு அறிவுரை கூறிய பிசிராந்தையார், உவமையாக எடுத்தது வயல் புகுந்த யானையையே. அறுத்துக் கவளமாக்கிக் கொடுத்தாற் சிறு நிலத்து விளைவும் பல நாளைக்கு உணவாகும். தானே புகுந்தாலோ தின்பதைக் காட்டிலும் மிதித்து அழிப்பதே மிகுதி என்பது அப்புறப்பாட்டின் கருத்து. இதில் நமக்கும் ஒரு நெறி உண்டு. பங்கை முறையாகக் கொடுத்தால் அழிவு குறையும்.

யானைகள் நடமாடும் நிலத்தின் பெரும்பகுதி சரணாலயங்களுக்கு வெளியே உள்ளது. ஆதலின் அவற்றைக் காட்டுக்குள் வேலியிட்டு அடைக்க முயல்வது பயன் தராது. வேலி சூழ வேண்டியது ஊரையும் பயிரையுமே. விதைப்பில் மின்வேலி இட்டு, அறுவடை முடிந்ததும் அகற்றி, ஒட்டுத் தாளை யானைக்கு விடும் முறையைக் குருநாகல், அநுராதபுர மாவட்டச் சிற்றூர்கள் சில கைக்கொண்டுள்ளன. நம் மாவட்டத்து வயல்களுக்கும் அது வேண்டும். மின்னேரியாவிலும் வறண்ட மாதங்களிற் படுகையின் ஒரு பகுதியேனும் நீர் மூடாது விடப்படல் வேண்டும்.

இம்மலரைப் படிக்கும் பழைய மாணவருள் நீர்ப்பாசனப் பொறியியலாளர் உளர், புகையிரதப் பகுதியினர் உளர், கமக்காரரும் உளர். மதகைத் திறப்பதும் வண்டியின் வேகத்தைக் குறைப்பதும் வேலியைப் பேணுவதும் இவர்கள் கையில் உள்ளன. ஆசிரியராகிய நாம் செய்யக்கூடியது சொல்லைக் கற்பித்தல். அச்சொல்லுக்குரிய பொருளை உயிரோடு காத்துத் தருதல் உங்கள் கடமை. கலங்கள் வந்து போக வழி காத்து வாழ்ந்த துறை இது. களிறுகளுக்கும் வழி காப்போமாக.