சிவப்பு விளக்கை நம்பியிருக்கலாமா?

பொங்கலுக்கும் ஆடிக் கிருத்திகைக்கும் நாராயணவனத்திலிருந்து ஊருக்குப் புறப்படும் நம் குடும்பங்களுள் பல, இந்நாளில் சொந்த வண்டியிலேயே செல்கின்றன. ஊத்துக்கோட்டை வழியே சென்னை செல்வோரும், புத்தூர், நகரி வழியே திருத்தணி செல்வோரும் உளர். பெட்ரோலைப் பார்ப்பர், டயரில் காற்றைப் பார்ப்பர், இஞ்சின் ஆயிலைப் பார்ப்போர் சிலரே. கேட்டால், "குறைந்தால் சிவப்பு விளக்கு எரியுமே" என்பர்.

பெரும்பாலான கார்களில் அவ்விளக்கு காட்டுவது ஆயிலின் அளவை அன்று, அதன் அழுத்தத்தை. இஞ்சினின் அடியில் தேங்கும் ஆயிலைப் பம்ப் உறிஞ்சி, பேரிங்குகளுக்குச் செலுத்துகிறது. அளவு குறைந்தாலும், உறிஞ்சும் வாய் மூழ்கியிருக்கும்வரை விளக்கு எரியாது. அது காற்றை இழுக்கத் தொடங்கிய பின்னரே எரியும். அதற்குள் இரும்போடு இரும்பு உராயத் தொடங்கியிருக்கும். ஆதலின் ஓட்டத்தில் விளக்கு எரியுமாயின், அடுத்த ஊர்வரை போய்விடலாமென எண்ணாது, உடனே ஓரத்தில் நிறுத்தி இஞ்சினை அணைத்தல் வேண்டும். மோட்டார் சைக்கிள்கள் பலவற்றில் அவ்விளக்கும் கிடையாது.

பழைய டூ-ஸ்ட்ரோக் மொபெட்டில் பெட்ரோலோடு ஆயிலைக் கலந்து ஊற்றினோம். அது எரிந்து போயிற்று. இப்போதைய ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டியில் ஆயில் இஞ்சினுக்குள்ளேயே தங்கிச் சுழல்கிறது. 100 சிசி வண்டிகள் பலவற்றில் மொத்த ஆயிலே ஏறக்குறைய 1 லிட்டர்தான். அதில் 200 மில்லி குறைந்தால் ஐந்தில் ஒரு பங்கு போயிற்று என்பதை நினைவிற் கொள்க.

பார்க்கும் முறை எளிது. வண்டியைச் சமதரையில் நிறுத்துக. இருசக்கர வண்டியாயின் சைடு ஸ்டாண்டு கூடாது. நடு ஸ்டாண்டே வேண்டும். ஓடிய இஞ்சினை அணைத்துச் சில நிமிடம் பொறுத்தால் ஆயில் கீழே வடியும். டிப் ஸ்டிக்கை உருவித் துணியால் துடைத்து, மீண்டும் விட்டு எடுத்தால், ஆயில் இரு குறிகளுக்கு இடையே நிற்றல் வேண்டும். திருகிப் பார்ப்பதா, திருகாமல் வைத்துப் பார்ப்பதா என்பது வண்டிக்கு வண்டி மாறும். வண்டியோடு தந்த கையேட்டைப் பார்த்துக்கொள்க.

குறைந்திருந்தால், கையேடு கூறும் வகை ஆயிலையே சிறிது சிறிதாக ஊற்றி அளந்து பார்க்க. "கூட இருந்தால் நல்லதுதானே" என்று மேற்குறியைத் தாண்டி ஊற்றுவதும் தீங்கே. சுழலும் கிராங்க் அதை அடித்து நுரையாக்கும், நுரைத்த ஆயில் சரிவர மசகிடாது, சீல்களும் கசியும்.

ரயில்வேயில் பணிபுரிவோராகிய நாம் ஒன்று கூறுவோம். முற்காலச் சரக்கு வண்டிகளின் அச்சுப்பெட்டியில் எண்ணெய் வற்றினால் அச்சு கொதித்து முறிவதும் உண்டு. அதனாற்றான் வண்டி வந்து நின்றதும் பரிசோதகர் ஒவ்வொரு பெட்டியையும் கையால் தொட்டுப் பார்த்தனர். எச்சரிக்கை வரட்டுமென அவர் காத்திருக்கவில்லை.

நம்மவருள் ஆட்டோ ஓட்டிக் குடும்பம் காப்போர் பலர். இஞ்சின் பிடித்துக்கொண்டால் பழுதுச் செலவு மட்டுமன்று; வண்டி பட்டறையிற் கிடக்கும் நாள்களின் வருவாயும் போகும். தவணையோ நிற்பதில்லை. வாரம் ஒரு நாள், ஐந்து நிமிடம், ஒரு பழந்துணி, இவ்வளவே செலவு. வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கும் இதைப் பழக்கிவைக்குமாறு நேயர்களை வேண்டிக்கொள்கிறோம்.