ஆயா காதில் மெட்டல்!

“என்னடி இது, பேய் கத்துற மாதிரி இருக்கு?”

தாமலில் எங்கள் வீட்டுத் திண்ணையில், என் இயர்போனில் ஒரு பக்கத்தை வாங்கி வைத்துக்கொண்ட ஆயா கேட்டது இது. ஓடிக்கொண்டிருந்தது ‘ருத்ரா’. சிங்கப்பூரில் 1992-ல் தமிழ் இளைஞர்கள் தொடங்கிய மெட்டல் இசைக்குழு. பேஸ் கிட்டாரும் குரலும் கதிர், டிரம்ஸ் சிவா.

பிளாக் மெட்டல், த்ராஷ், டெத் மெட்டல்... எல்லாமே அதிவேக டிரம்ஸ், கரகர கிட்டார், தொண்டை கிழியும் குரல். 1980-களில் ஐரோப்பாவில் இது வளர்ந்தபோது பல குழுக்கள் சாத்தானைத்தான் பாடின. கம்யூனிஸ்ட் ஆட்சியிலிருந்த ஹங்கேரியில் ‘டார்மென்டர்’ குழு 1988-ல் பதிவுசெய்த ஆல்பம் உடனே வெளிவரவில்லை. கேசட்டில் நகலெடுத்து, கைமாறிக் கைமாறியே நார்வே வரை போனது. அங்கே ‘மேஹெம்’ குழு அதன் பாடகர் அட்டிலாவைத் தன் ஆல்பத்தில் பாட அழைத்தது.

ருத்ரா அதே சத்தத்தை எடுத்துக்கொண்டது. ஆனால், சாத்தான் இருந்த இடத்தில் வேதாந்தத்தை வைத்தது. பாட்டுக்கு நடுவே சம்ஸ்கிருத மந்திரம் ஒலிக்கும். ‘வேதிக் மெட்டல்’ என்று அவர்களே பெயரும் வைத்தார்கள். 2003-ல் ‘குருக்ஷேத்ரா’, 2005-ல் ‘பிரம்மவித்யா’ என ஆல்பங்கள் வந்தன.

உங்கள் வீட்டுப் பிள்ளையும் இப்படி எதையாவது கேட்கிறதா? திட்டுவதற்கு முன் பாட்டு வரிகளை ஒருமுறை சேர்ந்து படித்துப் பாருங்கள். சரியில்லை என்றால் அப்புறம் பேசலாம்.

மந்திரம் வரும் இடத்தை ஆயாவுக்கு மறுபடி போட்டேன். கண்ணை மூடிக் கேட்டார்.

“நம்ம வராகீஸ்வரர் கோயில் தூண்ல சரபேஸ்வரர் நிக்கிறாரே, அவரு பாடினா இப்படித்தான் இருக்கும். சரி, சத்தத்தைக் கொஞ்சம் குறை!”