பூவின் மேல் விழும் பனி

பங்குனி மாதத்தில் நம் சமவெளியில் வெயில் ஏறி, வாசலில் வேம்பு பூத்துச் சொரிகின்ற அதே நாட்களில், வடக்கே ஹிமாசலப் பிரதேசத்தின் மலைச்சரிவுகளில் ஆப்பிள் மரங்கள் மொட்டு விடுகின்றன. கோட்கட், தானேதார் முதலிய ஊர்களின் குடியானவர்களுக்கு வருஷம் முழுவதற்குமான ஜீவனத்தை நிர்ணயிப்பவை அந்தச் சில வாரங்களே. காலையில் சுள்ளென்ற வெயில், பிற்பகலில் கருமேகம், இரவில் பனி என்று ஒரே நாளில் பல பருவங்களைக் காட்டவல்ல வசந்தத்தின் சஞ்சல சுபாவத்தை அவர்களைப் போல் அஞ்சி அறிந்தவர்கள் அரியர்.

பனியே அவர்களுக்குப் பகை என்று எண்ணிவிடலாகாது. மார்கழியிலும் தையிலும் பொழியும் பனியை மலை மக்கள் 'வெள்ளை உரம்' என்றே போற்றுகிறார்கள். அமெரிக்காவில் பிறந்து, இந்நாட்டின் சுதந்திரத்துக்காகச் சிறை புகுந்து, பின்னர் ஹிந்து மதம் தழுவிச் சத்தியானந்தர் என்று பெயர் பூண்ட சாமுவேல் ஸ்டோக்ஸ், 1916-ஆம் ஆண்டில் கோட்கட்டுக்குக் கொணர்ந்த ரெட் டெலிஷியஸ் ஜாதி மரம், 7 டிகிரி செல்சியஸுக்குக் குறைந்த குளிரில் ஏறக்குறைய 1,000 மணி நேரம் உறங்கி எழுந்தால்தான் ஒழுங்காகப் பூக்கும். அந்த உறக்கத்துக்குக் குளிர்காலமும், மெல்ல உருகி வேருக்கு இறங்கும் ஈரத்துக்குப் பனியும் இன்றியமையாதவை. மாசியிலேயே வெப்பம் மிகுந்து மரம் முன்கூட்டி விழித்துக்கொண்ட பின்னர், மத்தியதரைக் கடற்பக்கம் தோன்றி மேற்கிலிருந்து வரும் காற்றுக் கலக்கம் காலந்தவறிப் பனியைக் கொட்டும்போதுதான் அது அனர்த்தமாகிறது.

ஒரு கொத்தில் ஐந்தாறு மொட்டுகள். நடுமொட்டே முதலில் விரியும். பெரிய கனி அதிலிருந்து வருவதே வழக்கம். ஆகையால் உறைபனி முதலில் பலி கொள்வதும் பெரும்பாலும் அதைத்தான். மலர்ந்த பூ பூஜ்யத்துக்குக் கீழே 2 டிகிரி வரை ஒருவாறு தாங்கும். 4 டிகிரிக்கு இறங்கினால் அரைமணி நேரத்திலேயே பெரும்பாலானவை மடிந்துவிடும். கழி கொண்டு கிளைகளை உலுக்கிப் பனியை உதிர்த்தும், ஈரச் சருகைக் கொளுத்திப் புகைமூட்டம் போட்டும் குடும்பமே இரவெல்லாம் கண் விழித்திருக்கும். விடிந்து பார்த்தால் தோட்டம் நேற்றுப் போலவே வெண்மையாக நிற்கும், இதழ்கள் வாடியிரா. ஆயினும் ஒரு பூவைப் பறித்துப் பிளந்தால், நடுவிலுள்ள சூல்தண்டு கறுத்துப் போயிருக்கும். தப்பிய பூக்களுக்கும் விமோசனம் நிச்சயமில்லை. குளிர் நீடித்தால் தேனீக்கள் கூட்டைவிட்டு வெளியே வருவதில்லை.

இந்த நஷ்டத்தை நம் நிவாரண முறை காண மறுக்கிறது என்பதே என் குறை. விளைச்சலில் 33 சதவீதமோ அதற்கு மேலோ அழிந்தால்தான் பேரிடர் நிதியிலிருந்து உதவி கிட்டும். முறிந்த கிளைகளை எவரும் எண்ணிவிடலாம். கறுத்த சூலை எண்ணுபவர் யார்? வானிலை அடிப்படையிலான பயிர்க் காப்பீடோ தோட்டத்தைப் பார்ப்பதேயில்லை. குறித்துவைத்த நிலையத்தின் அளவையே பார்க்கிறது. 5,000 அடியிலும் 8,000 அடியிலும் தோட்டங்கள் அடுக்கடுக்காக அமைந்துள்ள மலையில், கனத்த குளிர்காற்று பள்ளத்தில் தேங்கி, மேட்டு மரம் பிழைக்கக் கீழ்மரம் கருகுகின்ற இடத்தில், ஓர் உஷ்ணமானி எல்லாச் சரிவுகளுக்கும் சாட்சி சொல்ல இயலாது.

சிம்லா ஆப்பிள் என்று கேட்டு வாங்கி, நோயாளியின் தலைமாட்டிலும் குழந்தையின் கையிலும் வைக்கிற நமக்கும் இதில் அக்கறை வேண்டும். மத்திய சர்க்காரும் ஹிமாசல சர்க்காரும் தோட்டங்களின் உயரத்துக்கேற்ப வானிலை நிலையங்களைப் பெருக்க வேண்டும். காய் பிடிக்கட்டும் என்று காத்திராமல், பனி விழுந்த அந்த வாரத்திலேயே தோட்டக்கலை அலுவலர்களை மலைக்கு அனுப்பி, பூவைப் பிளந்து பார்த்துச் சேதத்தை ஏட்டில் பதியச் செய்ய வேண்டும்.