சட்டியும் அகப்பையும்

ஞாயிறு மாலைகளில் வளவனூர் வட்டாரத்துத் திடல்களில் பந்து உருளும் நேரத்தைவிட, பந்து நின்ற பின் எழும் வாதத்தின் நேரமே நீளமானது. வியர்வை உலருமுன்னே இளைஞர்கள் வட்டமாக அமர்ந்துவிடுகின்றனர். முன்னெல்லாம் எந்த ஆட்டக்காரர் சிறந்தவர் என்பதே வழக்காக இருந்தது. இப்பொழுதோ பயிற்சியாளர்களை வரிசைப்படுத்துவதில் ஆர்வம் மிகுந்திருக்கிறது. சென்னையின் எஃப்.சி. அணியைப் பழக்கியவர்களுள் முதலிடம் யாருக்கு? இந்திய அணியைக் கெடுத்தவர் யார், நிமிர்த்தியவர் யார்? குரல் உயர்கிறது, சில வேளை நட்பும் முறிகிறது. நம்மையும் நடுவராக இருக்கச் சொல்லிக் கேட்டவர் உண்டு.

விளையாட்டுப் பேச்சுக்கு இம்மாத இதழில் இடமேன் என்று வாசகர் சிலர் வினவக்கூடும். பந்தைப் பற்றி மட்டுமே இது நின்றிருப்பின் நாமும் எழுத முற்பட்டிரோம். ஒரு மனிதனின் உழைப்பை எந்த அளவுகோலால் அளப்பது என்பதே அவ்வாதத்தின் உள்ளீடு. அது திடலோடு முடியும் கேள்வி அன்று. பள்ளிக்கும் வீட்டுக்கும் ஆலயத்துக்கும் உரிய கேள்வி.

இளைஞர்களுள் பெரும்பாலோர் கிண்ணங்களை எண்ணுகின்றனர். எண்ணுவது எளிது, வாதமும் விரைவில் முடிந்துவிடும். ஆனால் அந்தக் கணக்கு எவ்வளவு தூரம் செல்லும் என்று பார்ப்போம். ஜான் கிரகரி என்னும் ஆங்கிலேயர் 2018 மார்ச்சில் சென்னையின் அணியை இந்தியன் சூப்பர் லீக் பட்டத்துக்கு இட்டுச் சென்றார். இறுதியாட்டத்தில் பெங்களூரு அணி அதன் சொந்தத் திடலிலேயே 3-2 என்ற கணக்கில் தோற்றது. அதே மனிதர், அதே அணி. அடுத்த பருவத்தில் 18 ஆட்டங்களில் வெற்றி இரண்டே இரண்டு, புள்ளிகள் 9, பட்டியலில் கடைசி இடம். 2019 நவம்பரில் அவர் விலகினார். பின் வந்த ஓவன் காயில், அந்தப் பருவத்திலேயே அதே அணியை இறுதியாட்டம் வரை கொண்டு சென்றார். கிரகரி மேதையா, திறனற்றவரா? 2018-இல் ஒரு விடை, 2019-இல் வேறு விடை என்றால், நாம் அளந்தது மனிதரை அன்று, அந்த ஆண்டை என்பது விளங்கவில்லையா?

இதனினும் பெரிய சான்று நம் நாட்டுக் கால்பந்து வரலாற்றிலேயே உண்டு. ஐதராபாத்தைச் சேர்ந்த சையத் அப்துல் ரகீம் ஒரு பள்ளி ஆசிரியர். 1950 முதல் இந்திய அணியின் பயிற்சியாளராக இருந்தார். 1951-இல் தில்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஈரானை 1-0 என்று வென்று நம் அணி தங்கம் பெற்றது. மறு ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 1-10 என்று தோற்றது. ஆம், பத்து! நம்மவருள் பலர் வெறுங்காலுடன் ஆடினர். எதிரணியோ அந்த ஒலிம்பிக்கில் வெள்ளிப் பதக்கம் பெற்ற அணி. நம் இளைஞர்களின் இன்றைய அளவுகோல் அன்று கையிலிருந்திருந்தால், ரகீம் அடுத்த கப்பலிலேயே வீட்டுக்கு அனுப்பப்பட்டிருப்பார்.

அவ்வாறு நேரவில்லை. 1956-இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்று நான்காம் இடம் பெற்றது. 1962-இல் ஜகார்த்தா ஆசியப் போட்டி. தொடக்கச் சுற்றில் தென் கொரியாவிடம் 0-2 என்று தோல்வி. காவல் வரிசையில் ஆடுபவரான ஜர்னைல் சிங்குக்குத் தலையில் காயம். ரகீமின் உடலிலோ புற்றுநோய். இஸ்ரேலுக்கும் தைவானுக்கும் இடமளிக்கப்படாதது பற்றி எழுந்த பூசலினால் அரங்கிலிருந்த கூட்டமும் இந்தியருக்குப் பகையாயிருந்தது. ரகீம் தம் அணியைத் திருத்தி அமைத்தார். காயமுற்ற ஜர்னைலை முன்வரிசைக்கு மாற்றினார். செப்டம்பர் 4-ஆம் நாள் இறுதியாட்டத்தில் அதே தென் கொரியாவை இந்தியா 2-1 என்று வென்றது. இரு கோல்களுள் ஒன்று ஜர்னைல் அடித்தது. மறு ஆண்டு ஜூன் மாதம் ரகீம் மறைந்தார். அதன்பின் ஆசிய விளையாட்டில் கால்பந்துத் தங்கம் நமக்குக் கிட்டவில்லை. 1952-இல் கணக்கு முடிக்காமல் காத்திருந்ததன் பயன் 1962-இல் கிடைத்தது.

கிண்ணத்தை விடுங்கள், வெற்றி விகிதத்தைப் பார்ப்போம் என்பார் வேறு சிலர். அமெரிக்கக் கல்லூரிகளில் இக்கணக்கு ஒரு தனிக்கலையாகவே வளர்ந்துள்ளது. அங்கே கால்பந்து என்பது நம் ஆட்டம் அன்று. நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடுவது. திருச்சிலுவைத் துறவற சபையார் நிறுவிய நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தில் 1918 முதல் 1930 வரை பயிற்சியாளராயிருந்தவர் நூட் ராக்னி. 122 ஆட்டங்களில் 105 வெற்றி, 12 தோல்வி, 5 சமநிலை. 1925-இல் அவர் கத்தோலிக்கத் திருமறையைத் தழுவினார். 1931-இல் விமான விபத்தில் உயிர் நீத்தார். அவருடைய விகிதம் இன்றும் பேசப்படுகிறது. எனினும் அந்நாட்டு இரசிகர்கள் விகிதத்தோடு நின்றுவிடுவதில்லை. எதிர்த்தவர்கள் எத்தகையோர், சிறந்த மாணவர்களை ஈர்க்கும் பெயர் அக்கல்லூரிக்கு முன்பே இருந்ததா, இவர் வருமுன் அணி எந்நிலையில் கிடந்தது என்றெல்லாம் வழக்காடுகின்றனர். வாதம் முடிவதில்லை, ஆயினும் கேள்விகள் சரியானவை.

நம் ஊர்ப் பாட்டிமார் இதனையே ஒரே வரியில் சொல்லிவிடுவர்: சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? ஏரிக்குக் கீழே நன்செய் வைத்திருப்பவர் காணிக்கு எத்தனை மூட்டை நெல் எடுத்தார் என்பதையும், மேட்டுக் கொல்லையில் வானம் பார்த்து மல்லாட்டை போட்டவர் எத்தனை மூட்டை எடுத்தார் என்பதையும் எந்த உழவரும் ஒரே தராசில் நிறுத்துவதில்லை. மழை பொய்த்த ஆண்டில் விதைக்குப் போகப் பத்து மூட்டை மிச்சம் வைத்தவரை ஊர் மெச்சுகிறது. வயலில் அறிந்த இந்த நீதியைத் திடலில் ஏன் மறந்துவிடுகிறோம்?

மிசோரம் மாநிலத்து அய்சால் அணியை எண்ணிப் பாருங்கள். 2016-இல் ஐ-லீக்கிலிருந்து கீழிறக்கப்பட்டு, பின்னர் மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்ட சிறிய அணி அது. அதனைப் பழக்க வந்த காலித் ஜமீலும் அதற்குச் சற்று முன்தான் மும்பையில் நெடுநாள் பொறுப்பை இழந்திருந்தார். 2017-இல் அந்த அணி 18 ஆட்டங்களில் 37 புள்ளிகள் எடுத்து, மோகன் பகானை ஒரே ஒரு புள்ளியால் முந்திப் பட்டம் வென்றது. அகப்பையில் வந்ததை மட்டுமன்றிச் சட்டியில் இருந்ததையும் பார்ப்பவருக்கே இவ்வெற்றியின் பெருமை முழுமையாக விளங்கும். 2025 ஆகஸ்டில் ஜமீல் இந்திய அணியின் பயிற்சியாளராக நியமிக்கப்பட்டார்.

நம் ஆண்டவர் தாலந்து உவமையில் கற்பித்ததும் இதுவன்றோ? தலைவர் ஒருவனிடம் ஐந்து தாலந்தும், மற்றொருவனிடம் இரண்டும், வேறொருவனிடம் ஒன்றும் ஒப்படைத்துச் செல்கிறார். ஐந்து பெற்றவன் மேலும் ஐந்து ஈட்டினான். இரண்டு பெற்றவன் மேலும் இரண்டு ஈட்டினான். கிண்ணம் எண்ணுபவர் கணக்கில் முதல்வன் வென்றான், இரண்டாமவன் பின்தங்கினான். ஆனால் மத்தேயு நற்செய்தியின் 25-ஆம் அதிகாரத்தைக் கவனமாகப் படிப்போர் ஒன்றைக் காண்பர். தலைவர் இருவருக்கும் சொன்ன பாராட்டு ஒரே பாராட்டு. ஒரு சொல்லும் கூடவில்லை, குறையவில்லை. அவர் பார்த்தது வந்த தொகையை அன்று, தந்ததற்கு வந்ததை.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். திடல் சரியில்லை, பந்து சரியில்லை, பிள்ளைகள் சரியில்லை என்று ஆண்டுதோறும் காரணம் கூறும் பயிற்சியாளரும் உண்டு. அவரையும் தாங்க வேண்டுமா? வேண்டியதில்லை. அதே உவமையின் மூன்றாம் ஊழியன் கண்டிக்கப்பட்டது ஒரே தாலந்து பெற்றதற்காக அன்று. அதனைப் புதைத்து வைத்ததற்காக. ஆகவே பிறரைத் தீர்ப்பிடலாகாது என்னும் ஆண்டவரின் கட்டளையைக் காட்டி, எவர் உழைப்பையும் மதிப்பிடவே கூடாது என்பது சோம்பலுக்குக் குடை பிடிப்பதாகும். வள்ளுவரும் தெரிந்து தெளிதல் என ஓர் அதிகாரமே வகுத்தார். மதிப்பிடலாம், அளவுகோல் நேர்மையாயிருக்க வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.

அளவுகோல் கோணினால் என்ன நேரும்? நாம் அறிந்த ஒரு பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியர் ஒருவர் தற்காலிகப் பணியில் இருந்தார். அவருக்குக் கிடைத்தது அரைத்திடல், இரண்டு பந்து, கணக்குப் பாடத்துக்குக் கடன் கொடுத்தது போக மிஞ்சிய விளையாட்டு நேரம். பிள்ளைகளுள் பாதிப்பேர், பெற்றோர் கரும்பு வெட்டவும் செங்கல் சூளைக்கும் சென்றுவிடும் காலத்தில் பள்ளிக்கே வராதவர்கள். இவர் வந்தபின் அப்பிள்ளைகள் பந்துக்காகவேனும் பள்ளிக்கு வந்தனர். வராதவனைத் தேடி அவர் சைக்கிளில் சென்றார். குடியும் சண்டையுமாய் நாறிய வீடுகளிலிருந்து வந்த பையன்கள், தோற்ற பின்னும் எதிரணியினர் கையைப் பற்றிக் குலுக்கப் பழகினர். ஆனால் குறுவட்டப் போட்டியைத் தாண்டி மாவட்டப் போட்டிக்கு இரண்டு ஆண்டுகளாக அணி போகவில்லை. மூன்றாம் ஆண்டு அவர் பணி நீட்டிக்கப்படவில்லை. கிண்ணம் எங்கே என்று கேட்டார்கள்; எத்தனை பிள்ளைகள் படிப்பை விடாமல் நின்றார்கள் என்று கேட்கவில்லை. அவர் சென்ற பின் அந்த அணி கலைந்தது. அணியோடு வந்தவருள் சிலர் பள்ளிக்கு வருவதையும் நிறுத்திவிட்டனர்.

ஆகவே நடுவராக இருக்கக் கேட்ட இளைஞர்களுக்கு மூன்று கேள்விகளைத் தருகிறோம்.

முதலாவது, இவர் கையில் ஒப்படைக்கப்பட்டது என்ன? பணம், திடல், ஆட்டக்காரர், காலம் ஆகிய நான்கையும் எண்ணுங்கள்.

இரண்டாவது, அதனை வைத்து எப்படி உழைத்தார்? பதினோராவது ஆட்டக்காரனையும், பலகையில் அமர்ந்திருக்கும் பதினைந்தாமவனையும் எவ்வாறு நடத்தினார்? வெல்வதற்காகப் பொய் வயதுச் சான்று வாங்கினாரா, காயம்பட்ட பிள்ளையை ஆட வைத்தாரா? இவற்றுள் ஒன்றைச் செய்தவரின் கிண்ணம் எத்துணைப் பெரிதாயினும் அது திருட்டுக் கிண்ணமே.

மூன்றாவது, அவர் சென்ற பின் எஞ்சியது என்ன? ரகீமிடம் பயின்ற பி. கே. பானர்ஜி பின்னாளில் தாமே புகழ்பெற்ற பயிற்சியாளரானார். நமக்கு அண்மையில் கடலூரைப் பாருங்கள். 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின், துயருற்ற குடும்பங்களின் பெண் பிள்ளைகளைச் சேர்த்து மாரியப்பன் என்னும் பயிற்சியாளர் கால்பந்து பழக்கினார். அந்தக் கடலூரிலிருந்து சென்ற இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கு ஆடினார். இத்தகைய பலனைக் காண ஒரு பருவம் போதாது. பத்து ஆண்டு பொறுக்க வேண்டும்.

நிற்க. இந்த மூன்று கேள்விகளும் பயிற்சியாளருக்கு மட்டும் உரியன அல்ல. பங்குத் தந்தையரையும் நம் மக்கள் வரிசைப்படுத்துவதை அறியாதவர் யார்? கோயில் கட்டியவர் ஒருவர், மணிக்கூண்டு எழுப்பியவர் ஒருவர், ஒன்றும் கட்டாமற் போனவர் ஒருவர். அந்த மூன்றாமவர் எத்தனை முறிந்த குடும்பங்களைக் கட்டினார் என்பது எந்தக் கல்வெட்டிலும் வராது. ஆசிரியரைத் தேர்ச்சி விழுக்காட்டால் அளக்கிறோம். தேர்ச்சி குறையுமென்று அஞ்சி நலிந்த மாணவனை வெளியேற்றிப் பெற்ற நூற்றுக்கு நூறு, புதைத்த தாலந்தினும் தாழ்ந்தது.

பெற்றோர்களே, உங்களுக்கும் ஒரு சொல். 2017-இல் தமிழக அரசு பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுகளில் முதலிடங்களை அறிவிக்கும் வழக்கத்தைக் கைவிட்டது. அரசு கைவிட்டதை நம் வீட்டுத் திண்ணைகள் இன்னும் கைவிடவில்லை. அண்டை வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணைச் சொல்லி நம் பிள்ளையை அளக்கிறோம். ஒரு பிள்ளைக்கு இறைவன் ஐந்து தந்திருக்கலாம்; மற்றொன்றுக்கு இரண்டு. இரண்டு பெற்ற பிள்ளை நான்காக்கிக் கொண்டு வரும் நாளில், ஐந்தைப் பத்தாக்கிய பிள்ளைக்குச் சொல்லும் அதே பாராட்டை, ஒரு சொல்லும் குறைக்காமல் சொல்லுங்கள்.

இளைஞர்கள் வாதாடட்டும், அதில் தவறில்லை. தோற்ற அணியின் பயிற்சியாளரைப் பற்றிப் பேச வாய் திறக்குமுன், அவருடைய சட்டியை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் பேசட்டும்.