ஒரே பெயரில் இரண்டு கோட்டை: மாறிலியைத் தேடும் ஒழுங்கு



திருகோணமலை நகரில் ஒருவர் "கோட்டைக்குப் போகிறேன்" என்றால், கோணேசர் கோயிலுக்குச் செல்லும் வழியிலுள்ள பிரெட்ரிக் கோட்டையையே நாம் விளங்கிக்கொள்வோம். புகையிரத நிலையத்தில் அவரே "கோட்டைக்கு ஒரு டிக்கட்" என்று கேட்டால் அது கொழும்பு கோட்டை. சொல் ஒன்றுதான், எங்கே நின்று சொல்கிறோம் என்பதே பொருளைத் தீர்மானிக்கின்றது. செய்நிரலில் மாறிலியின் பெயருக்கும் இதே நிலைமை உண்டு.

மாறிலி என்றால் "பெறுமானம் மாறாதது" என்று எழுதிவிட்டு நம்மில் பலர் நிறுத்திவிடுகின்றோம். அது பாதி விடை. ஒரே பெயர் இரண்டு இடங்களில் இருந்தால் கணினி எதை எடுக்கும் என்பதே மீதிப் பாதி.

1995 இல் யுகிஹிரோ மட்சுமோட்டோ வெளியிட்ட ரூபி என்னும் பொருள்நோக்கு மொழியை எடுத்துக்கொள்வோம். அது மாறிலியைத் தேடும் ஒழுங்கு பின்வருமாறு:

1. செய்நிரல் வரி எழுதப்பட்டுள்ள வகுப்பு.
2. அவ்வகுப்பைச் சூழ்ந்து எழுதப்பட்டுள்ள வெளிப் பகுதிகள், உள்ளிருந்து வெளியே.
3. அவ்வகுப்பின் தாய் வகுப்பும் அதற்கு மேலுள்ள மூதாதை வகுப்புகளும்.
4. இறுதியாக, யாவற்றுக்கும் பொதுவான ஒப்ஜெக்ட் வகுப்பு.

எங்கும் கிடைக்காவிடின் வழு அறிவிக்கப்படும்.

உதாரணமாக, "திருகோணமலை" என்னும் பகுதியில் கோட்டை = பிரெட்ரிக் என உள்ளது. அப்பகுதிக்குள்ளே "உட்துறைமுகம்" என்னும் வகுப்பு எழுதப்பட்டுள்ளது. அதன் தாய் வகுப்பான "துறைமுகம்" வேறிடத்தில் உள்ளது; அதில் கோட்டை = கொழும்பு. உட்துறைமுகத்தில் நின்று "கோட்டை" என்று கேட்டால் விடை என்ன? பிரெட்ரிக். சூழ்ந்த பகுதியிலேயே பெயர் கிடைத்துவிட்டதால் தாய் வகுப்பு வரை தேடல் செல்லாது. ஆனால் இதே அமைப்பை ஜாவாவில் எழுதினால் விடை கொழும்பு. அங்கே மரபுரிமையாக வந்த பெயர், சூழ்ந்துள்ள வகுப்பின் பெயரை மறைத்துவிடும்.

ரூபியிலேயே இன்னொரு பொறியும் உண்டு. உட்துறைமுகம் வகுப்பைத் திருகோணமலைப் பகுதிக்குள் எழுதாமல், வெளியே நின்று "திருகோணமலையின் உட்துறைமுகம்" என ஒரே வரியில் தொடங்கினால், திருகோணமலை சூழ்ந்த பகுதியாகக் கொள்ளப்படாது. இரண்டாம் படியில் எதுவும் கிடைக்காமல் தேடல் தாய் வகுப்புக்குச் செல்லும். விடை கொழும்பு ஆகிவிடும். வழு அறிவித்தலும் வராது. பிழையான விடை அமைதியாக வருவதே செய்நிரலில் மிக ஆபத்தானது.

ஆகவே, குழப்பம் வரக்கூடிய இடத்தில் முழுப் பெயரையே எழுதவேண்டும் என்பது எமது கருத்து. "வரி நீளுமே" என்று சிலர் சொல்வர். நீளட்டும். திருகோணமலையிலேயே பிரெட்ரிக் கோட்டையுடன், உட்துறைமுக வாயிலைக் காவல் செய்த ஒஸ்ரன்பேர்க் கோட்டையும் உண்டு. வரலாற்று வினாவில் "திருகோணமலைக் கோட்டை" என்று மட்டும் எழுதினால் எதைக் குறித்தீர்கள் என்பது தெளிவாகுமா? ஒரு சொல் கூடுவதால் நட்டமில்லை. தெளிவு குறைந்தால் புள்ளி போகும்.

"ரூபி நமது பரீட்சைக்கு வராதே, எதற்கு இது?" என்று கேட்பீர்கள். பஸ்காலிலும் இதே சிந்தனை தேவை. செய்நிரலின் தலைப்பகுதியில் அறிவித்த மாறிலியின் பெயரையே ஒரு நடைமுறைக்குள் மீண்டும் அறிவித்தால், அந்த நடைமுறைக்குள் உள் அறிவிப்பே செல்லும். வெளியே வந்ததும் பழைய பெறுமானமே இருக்கும். "வருவிளைவு யாது?" என்ற வினாவில் பலர் தவறுவது இங்கேதான்.

எனவே விடையை ஊகிக்காதீர்கள். பெயரைக் கண்டதும் பென்சிலால் கோடிட்டு, அது எந்த வரியில் அறிவிக்கப்பட்டது என்பதை உள்ளிருந்து வெளியே தேடுங்கள். முதலில் அகப்படும் அறிவிப்பில் நின்றுவிடுங்கள். மொழி மாறினால் தேடும் ஒழுங்கு மாறலாம். ஒழுங்கு ஒன்று உண்டு என்பது மாறாது. அதை அறிந்தவருக்கு நாளை எந்த மொழியும் புதிதல்ல.