பெரிய பிரேக் அடிச்சா நம்பர் ஒன்னா?

சென்னை: ஈக்காட்டுத்தாங்கல் மாதிரி ஏரியாக்களில் ஸ்னூக்கர் லீக் நடத்தினால் வரும் கேள்வி இது. பிரேக்கை வைத்து ரேங்க் போடலாமா?

பிரேக் என்பது தவறவிடாமல் தொடர்ந்து பந்து போட்டு ஒரே ஆட்டையில் சேர்க்கும் பாயிண்ட். 15 சிவப்பு, ஒவ்வொன்றுக்கும் பின் கருப்பு, கடைசியில் கலர் பந்து ஆறும் விழுந்தால் 147.

இதை 1992 உலகப் போட்டியில் அடித்தார் இங்கிலாந்தின் ஜிம்மி ஒயிட். ஆனால் பைனலில் ஹென்ட்ரியிடம் 14-18 என தோற்றார். 6 பைனல் ஆடியும் கோப்பை கிடைக்கவே இல்லை!

காரணம் சிம்பிள். 147 அடித்தாலும் ஜெயிப்பது ஒரு பிரேம்தான். எதிராளிக்கு பந்தை மறைத்து வைக்கும் சாமர்த்தியம் பிரேக்கில் ஏறாது.

எனவே ரேங்க்கை பிரேம் வெற்றியில் போடுங்க. பெரிய பிரேக்குக்கு தனிப் பரிசு கொடுங்க. மணிக்கணக்கில் டேபிளுக்கு காசு கட்டி ஆடுற பசங்களுக்கு அதுதான் நியாயம்.